கையில் ஒரு பத்து ஜோடி

சீட்டாட்டத்தில் தள்ளுகிறவன் என்று ஒரு ரகம் உண்டு. கையில் என்ன சீட்டு வந்திருக்கிறது என்று முழுதாகப் பார்க்கக்கூட மாட்டான். முன்னால் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் வில்லைகளை இரண்டு கையாலும் மேசை நடுவுக்குத் தள்ளிவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு நம் மூஞ்சியைப் பார்ப்பான். நாம் பயந்து சீட்டைக் கவிழ்த்தால் அது அவன் திறமை. நாம் துணிந்து பார்த்து அவன் தோற்றால் அது நம் அதிர்ஷ்டம். இந்த நியாயத்தை எந்த யூடியூப் வாத்தியாரிடம் கற்றார்களோ தெரியாது. செம்பூரில் நான் ஆடிய ஒவ்வொரு டோர்னமென்ட்டிலும் இதே மூஞ்சிகள்தான். பட்டப்பகலில் ஹாலுக்குள் கறுப்புக் கண்ணாடி, தலையை மூடிய ஜாக்கெட், காதில் ஒரு குமிழ். சீட்டு ஆட வந்தானா, கண் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தானா என்று கேட்கத் தோன்றும்.

எனக்குத் தாராவியில் எவர்சில்வர் பாத்திரக் கடை. அப்பா காலத்துக் கடை. இருபத்தெட்டு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். தள்ளுகிறவர்களை நான் சீட்டு மேசையில் பார்ப்பதற்கு முன்பே கடையில் பார்த்துவிட்டேன். குக்கரைக் கையில் தூக்கிப் பார்த்து, பாதி விலை சொல்லி, "தேனா ஹை தோ தோ", கொடுப்பதானால் கொடு என்று கத்திவிட்டு, தெருவில் நாலு எட்டு வைத்து, நாம் கூப்பிடுகிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கிற வாடிக்கையாளர்கள். நான் கூப்பிட்டதே இல்லை. துணியால் அடுத்த தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பேன். பத்தில் ஏழு பேர் தாமாகத் திரும்பி வந்து என் விலைக்கு வாங்கிப்போவார்கள். போக்கரில் எனக்கு இருந்த ஞானம் மொத்தமும் இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே அந்தக் கண்ணாடிக்காரர்களில் பாதிப் பேரை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

எனக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தது என் தங்கை வீட்டுக்காரர். அணுசக்தி நகரில் குவார்ட்டர்ஸ், அணு ஆராய்ச்சி நிலையத்தில் பதினெட்டு வருஷமாக டெக்னீஷியன் வேலை. காலையில் ஸ்டாஃப் பஸ், சாயங்காலம் ஸ்டாஃப் பஸ், வருஷத்துக்கு ஒருமுறை ஊர். கோணல் இல்லாத மனுஷர். போனில் சீட்டாடத் தொடங்கிய பிறகுதான் கோணல் வந்தது. அரசாங்கம் போன் ஆட்டங்களையெல்லாம் நிறுத்திய பிறகு, செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டி ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் டோர்னமென்ட்டைக் கண்டுபிடித்தார். என்னையும் இழுத்துப் போனார். இருபது பேர், ஆளுக்கு ஒரே அளவு வில்லைகள். தீர்ந்தவன் எழுந்து போக வேண்டும், கடைசியில் மிஞ்சுகிறவன் ஜெயித்தவன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டக்கூடாது. மேசை நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என்று ஐந்து சீட்டுகளைத் திறந்து வைப்பார்கள். அவை எல்லோருக்கும் பொது. சீட்டு திறக்கத் திறக்க வில்லைகளைப் பந்தயம் வைப்பார்கள்; எதிராளி வைத்ததற்குச் சமமாக நாமும் வைத்தால் அது பார்ப்பது, வைக்காமல் விலகினால் கவிழ்ப்பது. கையிலும் மேசையிலும் உள்ளதைச் சேர்த்து யாருக்கு நல்ல சேர்க்கை அமைகிறதோ அவருக்குக் குவியல். இதில் ஏஸ் ஜோடி வந்தால் எந்த மடையனும் ஆடுவான். ஒன்றுமே வராவிட்டால் எந்த மடையனும் கவிழ்ப்பான். கஷ்டம் இரண்டு பத்து சேர்ந்த பத்து ஜோடி மாதிரி சீட்டுகளில்தான். கையில் வந்தவுடன் ராஜாவாட்டம் இருக்கும். மேசையில் ஒரு ஜாக்கியோ ராணியோ விழுந்தவுடன் மதிப்புப் போய்விடும். எதிராளியிடம் இன்னொரு ராணி இருந்தால் நாம் காலி. தள்ளுகிறவன் காத்திருப்பது அந்த நிமிஷத்துக்குத்தான். அவனிடம் ராணி இருக்க வேண்டிய அவசியமே இல்லை, இருப்பதாக நாம் நினைத்தால் போதும்.

இதற்கு நான் வைத்திருந்த மருந்து கடை மருந்து. குவியலைப் பெரிதாக்காதே. அவன் தள்ளட்டும். இரண்டு முறை தள்ளுகிறவன் மூன்றாவது முறையும் தள்ளுவான், அப்போது அமைதியாகப் பார். இதைப் போய், ஹாலில் எங்களோடு ஆடும் மாட்டுங்கா மாமாவிடம் ஒருமுறை சொன்னேன். அவர் வங்கியில் இருந்து ரிட்டையர் ஆனவர், ஏஸ் வந்தால் மட்டும் ஆடுவார். வந்தவுடன் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்ததைப் பார்த்து மேசை முழுக்க சீட்டைக் கவிழ்க்கும். ஒரு குவியலும் தேறாது. ஆட்டத்துக்கு ஆட்டம் வைத்தே ஆக வேண்டிய கட்டாயப் பந்தயம் மட்டும் ஏறிக்கொண்டே போய், சும்மா உட்கார்ந்திருந்தே தோற்பார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ஜாக்கிரதை. எனக்கு அவரைப் பார்த்தால் தள்ளுகிறவர்களே தேவலை என்று தோன்றும்.

ஆனால் மாமா என்னைப் பார்த்துச் சிரிக்கவும் ஒரு விஷயம் இருந்தது. போணி. கடை திறந்தவுடன் வருகிற முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. நஷ்டத்துக்காவது ஒரு கரண்டியை விற்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். தாராவியில் எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இந்தப் புத்தி என்னோடு சீட்டு மேசைக்கும் வந்துவிட்டது. ஆட்டம் தொடங்கும்போதும், ஒவ்வொரு பிரேக் முடிந்து உட்காரும்போதும், முதல் கையை, அதாவது முதல் சுற்றை, நான் கவிழ்க்க மாட்டேன். என்ன குப்பை வந்தாலும் கடைசிவரை பார்ப்பேன். அந்த ஒரு கையில் மட்டும் என்னைப் பயமுறுத்த முடியாது என்று ஹாலில் எல்லோருக்கும் தெரியும்.

"ஓய், இது என்ன பழக்கம்? கார்டு ஓய் இது, கஸ்டமர் இல்லே" என்பார் மாமா.

"உங்களுக்கு எங்க தெரியப்போகுது? நீங்க ஒண்ணாந் தேதியானா சம்பளம் வாங்குன ஆளு" என்பேன்.

அந்த மாதம் டோர்னமென்ட்டுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், தங்கை கடைக்கு வந்தாள். சாதாரணமாக வந்தால் ஒரு தட்டையாவது தட்டிப் பார்த்து விலை கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள். அன்றைக்கு நேரே கல்லாப் பக்கம் வந்து போனை நீட்டினாள். வீட்டுக்காரர் டைப் செய்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். இந்த முறை ஜெயிக்கிற ஆளை கோவாவில் நடக்கும் பெரிய டோர்னமென்ட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று எனக்கும் தெரியும்.

"நாளைக்கு ஜெயிச்சிட்டாருன்னா திங்கக்கிழமை இதக் குடுத்திருவாராம்ண்ணே. இனிமே சீட்டுதான் தொழிலாம்."

"தோத்துட்டா?"

"தோத்தா இனி சீட்டக் கையில தொட மாட்டேன்னு பிள்ள தலையில அடிச்சிச் சத்தியம் பண்ணிருக்காரு. வேலை போச்சின்னா குவார்ட்டர்ஸும் போயிரும்லா. பிள்ள இப்பதான் பத்தாவது படிக்கா. கேட்டா, டோம்பிவிலியில வாடக கம்மி, அங்க போயிருவோம்ங்காரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நீயும் நாளைக்கு ஆடுதல்லா? அவர எப்படியாச்சும் தோக்கடிச்சிரு. உன்னால முடியும்லாண்ணே?" என்றாள்.

"முடியுமாவா? ஏட்டி, உன் வீட்டுக்காரரு ஆடுத லெச்சணத்துக்கு நான் ஒரு கண்ண மூடிக்கிட்டே ஆடலாம்" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். அவரிடம் எனக்கு மரியாதை உண்டு, தங்கை வீட்டுக்காரர் என்ற மரியாதை. சீட்டு மேசையில் அவர் மண்டைக்குள் மூளை இருப்பதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மாமா பதினோரு மணிக்கு வந்த ஏஸ் ஜோடியைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்து, தனியாக ஒரு சின்னக் குவியலை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டரைக்கு வெளியேறினார். மத்தியானம் என் மேசையில் ஒரு கறுப்புக் கண்ணாடிப் பையன் தொடர்ந்து தள்ளிக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்பது ஜோடி வந்தது. மேசையில் ராஜா விழுந்தது. அவன் கொஞ்சம் தள்ளினான், நான் பார்த்தேன். மறுபடி தள்ளினான், பார்த்தேன். மூன்றாம் முறை இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, "அங்கிள், ஜ்யாதா மத் ஸோச்சோ" என்றான். ரொம்ப யோசிக்காதே என்கிறான். நான் ஸோச்சவே இல்லை. பார்த்தேன். அவனிடம் ஆறும் நாலும்தான் இருந்தன. "லக்கி ஹோ அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே இருந்தது தூக்கமில்லாத ஒரு சின்னப்பையன் மூஞ்சி. எனக்குப் பாவமாக இல்லை.

நாலு மணிக்கு நானும் மாப்பிள்ளையும் மட்டும் மிஞ்சினோம். அவர் அன்றைக்கு எங்கேயும் நிற்காமல் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். எல்லோரும் பயந்து பயந்து கவிழ்த்திருந்தார்கள். என்னிடம் அவரைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தது. டீ பிரேக் விட்டார்கள். நான் சமோசா தின்றேன். அவர் எதையும் தொடவில்லை, இரண்டு முறை போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"என்ன மாப்ள, கோவாவுக்குப் பொட்டி கட்டியாச்சா?" என்று சீண்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "மச்சான், பிரேக் முடிஞ்சி மொதக் கை நீங்க ஆடுவியல்லா?" என்றார்.

"போணிய எவனாச்சும் விடுவானா?"

"விட மாட்டிய. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் கை. எனக்குப் பத்து ஜோடி. நடுவில் எட்டு, ஐந்து, இரண்டு என்று மூன்றும் சின்னச் சீட்டுகள். மேசையில் என் ஜோடியை மிஞ்ச ஒன்றுமில்லை. அளவாக வைத்தேன், அவர் பார்த்தார். நாலாவது சீட்டு ராணி. பயப்பட வேண்டிய சீட்டுதான். காட்டிக்கொள்ளாமல் மறுபடி கொஞ்சம் வைத்தேன். என் வில்லைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குவியலுக்குள் போயிருந்தது. அவர் ராணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன்னிடம் இருந்ததை முழுக்க நடுவுக்குத் தள்ளினார்.

நான் பார்த்து ஜெயித்தால் அவர் கதை அங்கேயே முடிந்தது. தங்கை வீடு தங்கும். பத்தாவது படிக்கிற பிள்ளை அதே பள்ளிக்கூடத்துக்குப் போகும். போணிக் கை, வழக்கப்படி பார்த்துவிட வேண்டியதுதான். இருபத்தெட்டு வருஷப் பழக்கம். கை வில்லைகளின் மேல் போய்விட்டது.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது, நாசமாய்ப் போன புத்தி. போணிக் கையை நான் விடமாட்டேன் என்று இவருக்குத் தெரியும். தெரிந்தது போதாதென்று இப்போதுதான் வந்து கேட்டு உறுதி செய்துகொண்டு போனார். விடாமல் பார்க்கப்போகிற ஆளிடம் எவனாவது பொய்யாகத் தள்ளுவானா? மாட்டான். அப்படியென்றால் கையில் ராணி இருக்கிறது. என் போணியை வைத்தே என்னைக் குழியில் தள்ளப் பார்க்கிறார். அடேயப்பா, இத்தனை நாள் மண்ணாந்தை மாதிரி இருந்துகொண்டு இந்தக் கணக்குப் போட்டிருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. இதைக் கண்டுபிடித்துவிட்ட என்னைப் பற்றி அதைவிடப் பெருமையாக இருந்தது. இந்தக் கையை விட்டாலும் என்னிடம் வில்லைகள் இருக்கின்றன. பொறுமையாக உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் இவரை முடித்துவிடலாம்.

நான் சீட்டைக் கவிழ்த்தேன்.

ஹாலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "ஓ" என்றார்கள். "ஓய், போணி!" என்று மாமாவின் குரல் கேட்டது. நான் அவரைத் திரும்பிப் பார்த்து, எல்லாம் தெரிந்த ஆள் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

மாப்பிள்ளை குவியலை இழுத்துக்கொள்ளவில்லை. தன் இரண்டு சீட்டையும் திருப்பி மேசையில் போட்டார். ஒரு ஜாக்கி, ஒரு மூன்று. ஒன்றுமே இல்லை. ஜெயித்தவன் முகம் மாதிரி இல்லை அவர் முகம். பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். குப்பையை வைத்துத் தள்ளியதுமல்லாமல் காட்டி வேறு அவமானப்படுத்துகிறார் என்று தலைக்கு ஏறிவிட்டது.

அடுத்த கையில் அவர் சீட்டைத் தொடாமலே எல்லாவற்றையும் தள்ளினார். எனக்கு ஏஸும் ராஜாவும். கோபத்தில் மீதி இருந்த எல்லாவற்றையும் நானும் தள்ளினேன். அவர் சீட்டைத் திருப்பினார், ஒன்பதும் மூன்றும். ஹாலே சிரித்தது. நடுவில் நாலு சீட்டுவரை எனக்குத்தான் சாதகம். ஐந்தாவதாக ஒரு மூன்று வந்தது. மூன்று ஜோடியிடம் தோற்று நான் எழுந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். கறுப்புக் கண்ணாடிப் பையன் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு, "க்யா ஆட்டம் ஹை அங்கிள், ஷேர் ஹோ ஷேர்" என்று கலந்தடித்துக் கத்தினான். சிங்கமாம்.

கீழே பார்க்கிங்கில் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். திட்டத்தான் போனேன். அவர் எனக்கு முந்திக்கொண்டார்.

"ஏன் மச்சான் கவுத்திய?"

எனக்குப் புரியவில்லை.

"போணிய விட மாட்டியன்னு நம்பித்தான மச்சான் தள்ளுனேன். எங்கையில ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும்லா. நீங்க பாத்திருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்னா? நீங்கதான மாப்ள தோத்திருப்பிய?"

"ஆமா."

ஒரு கார் பின்னால் வந்தது. இரண்டு பேரும் ஒதுங்கி நின்றோம். அவர் கீழே பார்த்துக்கொண்டே பேசினார். ஜெயித்தால் வேலையை விடப்போவதாக ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பஸ்ஸில் தினமும் கேட்கிறார்கள். பிள்ளையிடம் வேறு வீரம் பேசியாகிவிட்டது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. பயம் வந்துவிட்டது, ஆனால் பயம் வந்துவிட்டது என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. "நானா வெலகுனா அசிங்கம் மச்சான். கண்டவன்கிட்ட தோத்தாலும் அசிங்கம். உங்ககிட்ட தோத்தா, மச்சான் நல்லா ஆடுவாருன்னு சொல்லிட்டு திங்கக்கிழமை பஸ் ஏறிருப்பேன்."

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? அந்த லெட்டரக் கிழிச்சிப் போடுங்க."

"எப்படி மச்சான் கிழிக்கது? ஜெயிச்சிட்டேன்லா" என்றார்.

இப்படி ஒரு கோழையை நான் பார்த்ததில்லை. பதினெட்டு வருஷ வேலையை, வீட்டை, பிள்ளை படிப்பை, நாலு பேர் சிரிப்பார்களே என்பதற்காகக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள். கன்னத்தில் ஒன்று விடலாம் என்றுகூட இருந்தது. அரைமணி நேரம் திட்டினேன், கெஞ்சினேன், தங்கை பேரைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சொல்லிட்டேனே மச்சான்" என்பார். கடைசியில் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

ஆட்டோ திரும்புவதற்குள் என் போன் அடித்தது. தங்கை.

"யாருண்ணே ஜெயிச்சா?"

"உன் வீட்டுக்காரரு."

"உனக்கு நல்ல சீட்டே வரலியாண்ணே?" என்று கேட்டாள். தோற்றவன் எல்லாம் சொல்கிற வார்த்தையை அவளாகவே எடுத்து என் கையில் கொடுத்தாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் முன்னால் அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"வந்துச்சி தாயி. அவருகிட்ட ஒண்ணுமேயில்ல, எங்கிட்டதான் பெரிய சீட்டு. நான்தான் கவுத்திட்டேன்."

"ஏன்?"

"அவரு கெட்டிக்காரத்தனமா ஏதோ பண்ணுதாருன்னு நெனச்சிட்டேன்."

"அவரா?" என்றாள்.

பிறகு, டோம்பிவிலியில் பத்தாவதுக்கு வருஷ நடுவில் சேர்த்துக்கொள்கிற பள்ளிக்கூடம் ஏதாவது எனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.